பதினேழு வினாடிக் குரல்

மணி ஒன்பதரைக்கு ஹார்ட் டிஸ்க் ‘டக்... டக்...’ என்று விக்க ஆரம்பித்தது.

அருங்காட்சியகத்தின் ஒலிக்காப்பகத்தில் பதினைந்து வருஷமாகக் காப்பாளராக இருப்பவருக்கு அந்த விக்கலின் பொருள் நன்றாகவே தெரியும். பதினோரு மணிக்குப் பறவையியல் பேராசிரியர் வருகிறார். இருபது வருஷத்துக்கு முன் காட்டில் தாம் பதிவுசெய்த சாம்பல் சிட்டின் குரலைத் தம் எண்பதாவது பிறந்தநாளன்று மறுபடி கேட்க வேண்டுமாம். பதினேழே வினாடி. அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சிட்டின் குரலை யாருமே பதிந்ததில்லை. காப்பாளர் அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடாத குறைதான்.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் பக்கத்து அறை நூலகர்.

“டிஸ்க் விக்குது அக்கா.”

“தலையில ரெண்டு தட்டு தட்டேன்.”

மெல்லத் தட்டினார். விக்கல் நின்றது. டிஸ்க்கும் நின்றது.

“நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்தும் அக்கா. அந்தத் தட்டுக்கும் அதைப் படிக்கிற முள்ளுக்கும் நடுவுல ஒரு தூசி நுழையாது. எட்டு வருஷமா அப்படி உழைச்சிருக்கு, மகராசன்!”

“இரங்கல் கூட்டத்தை அப்புறம் வச்சுக்கலாம். வேற பிரதி இல்லையா?”

இல்லாமலா? எந்தச் சாதனம் உசத்தி என்று ஒப்பிட்டு இயக்குநருக்கு அறிக்கை எழுதுவதற்காக, அதே குரலை இன்னும் நாலு விதமாகச் சேமித்து வைத்தவர் அவர். இணையத்தில் மட்டும் ஏற்றக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு.

முதலில் சி.டி.யை எடுத்தார். “இதை வெறும் வெளிச்சத்தாலயே படிச்சிடலாம் அக்கா. காந்தத்தைக் கொண்டுபோய் வச்சாலும் அசையாது!”

லேசாகப் பூஞ்சை பூத்திருந்ததைச் சட்டை நுனியால் துடைத்தார். வெள்ளிப் பூச்சு வெங்காயத் தோலாக உரிந்து சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது.

அடுத்தது டேப். “உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்ள கிலோமீட்டர் கணக்குல நாடா. சும்மா அலமாரியில கிடந்தாலே முப்பது வருஷம் தாங்கும்!”

டேப் தாங்கியிருந்தது. அதைப் படிக்கும் இயந்திரத்தைத்தான் போன வருஷம் ‘இனித் தேவையில்லை’ என்று அவரே எழுதிப் பழைய சாமான் அறைக்கு அனுப்பியிருந்தார். தூசி தட்டித் தூக்கிவந்து டேப்பைக் கொடுத்தார். வருஷம் முழுக்கப் பட்டினி கிடந்த இயந்திரம் ஆசையாக வாங்கி, நன்றாக மென்று, நாடாவைச் சுருள் சுருளாகத் துப்பியது.

மணி பத்தரை.

“சில்லுலயே சேமிக்கிற எஸ்.எஸ்.டி. இருக்கு அக்கா! சுத்துறது, உரசுறது எதுவும் கிடையாது. கீழ விழுந்தாலும் கவலையில்ல. கண்ணிமைக்கிறதுக்குள்ள வேலையை முடிச்சிடும்!”

செருகியதும் திரையில் ஏதோ ஒரு கேள்வி எழுந்தது. உயிர் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், படிக்காமலேயே ‘ஆம்’ என்று அழுத்தினார்.

நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “தம்பி, ‘எல்லாத்தையும் அழிச்சிடலாமா’ன்னுல்ல கேட்டிருக்கு?”

“அழிச்சிடுச்சா?”

“நீ சொன்ன மாதிரியேதான். கண்ணிமைக்கிறதுக்குள்ள.”

வீட்டுக்குப் போன் போட்டார். “என் மேசையில ஒரு பென் டிரைவ் இருக்குமே, ஓடிப்போய் எடு!”

“அதுவாங்க? நம்ம பொண்ணு பொம்மைப் படம் ஏத்தியிருக்கா,” என்றாள் மனைவி. “இடம் பத்தல, ஏதோ குருவி கத்திக்கிட்டு இருந்துச்சு, துரத்திட்டேன்னு சொன்னா.”

சரியாகப் பதினோரு மணிக்குப் பேராசிரியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கேட்பறை நாற்காலியில் அமர்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

“போடுப்பா. என் வாழ்க்கையில உருப்படியா நான் செஞ்சது அந்தப் பதினேழு வினாடிதான்.”

“ஒரே ஒரு நிமிஷம் ஐயா,” என்று காப்பாளர் வெளியே வந்தார். தாழ்வாரச் சுவரில் சாய்ந்ததும் கண்ணீர் தானாக வழிந்தது.

பெஞ்சில் பேராசிரியரின் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அவரைக் காடு காடாக வண்டியில் அழைத்துச் சென்றவர்.

“என்ன சார், என்னாச்சு?”

காப்பாளர் ஒன்றையும் மறைக்காமல் கொட்டித் தீர்த்தார். “உலகத்துலயே ஒரே ஒரு குரல் அண்ணே. அஞ்சு இடத்துல வச்சிருந்தேன். இப்ப எந்தப் பெட்டியிலயும் இல்ல. அந்த மனுஷன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?”

டிரைவர் எழுந்து கேட்பறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அழாதீங்க சார், மைக்கை எடுத்துக்கிட்டுப் பின்பக்கமா வாங்க. மூணு நாளா ஒரு குருவியும் கத்தலையேன்னு ஐயா சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்திருந்தாரு, மனசு கேக்கல... அன்னைக்கும் புதருக்குப் பின்னாடி நின்னு நான்தான் விசிலடிச்சேன்.”