போறணைக்குள் பைன் காய்

"அது சின்ன வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுகிறவனை நம்பவே கூடாது. இருபத்திநாலு வயதில் நான் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

ஊரில் போர் முடிந்த அடுத்த வருஷம். ஊசியிலைக் காடுகளை வளர்ப்பது பற்றி ஆராயும் ஒரு பிரெஞ்சுக் கூடத்தில் எனக்குப் பயிற்சி வேலை கிடைத்திருந்தது (சம்பளம் என்று சொன்னால் சம்பளமே கோபிக்கும்). ஒழுங்காக முடித்தால் அங்கேயே மேற்படிப்பு என்று பேராசிரியை சொல்லியிருந்தார். எல்லோருக்கும் அவர் மதாம். வறட்சியைத் தாங்கும் மரங்களில் பறித்த ஒரு பை பைன் காய்களைக் காயவைத்து விதை எடுக்க வேண்டும். கூடத்து உலர்த்தி பழுது. என் வாய் சும்மா இருக்குமா?

"மதாம், என் அண்ணையின் கடையில் அருமையான போறணை அடுப்பு இருக்கிறது!"

செல்வம் அண்ணை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பற்றீஸ், ரோல்ஸ் விற்பவர். நான் அவர் வீட்டில் வாடகைக்கு இருந்தவன், அவ்வளவுதான் சொந்தம்.

"உது எரியாதோ தம்பி?"

"இளஞ்சூடுதான் அண்ணை. விஞ்ஞானம்!"

காலையில் காய்களை உள்ளே வைத்தேன்; மத்தியானம் மதாம் நேரில் பார்க்க வந்துவிட்டார். அதற்குள் காய் விரியவில்லையே என்ற அவசரத்தில், அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரமாகப் பார்த்து, சூட்டை முழுசாகத் திருகிவிட்டேன்.

படார்! படார்!

கடையில் நின்ற அத்தனை பேரும் நிலத்தில். ரோல்ஸ் வாங்க வந்த அன்ரி குப்புற. செல்வம் அண்ணை கல்லாவுக்குக் கீழே. வெடிப்பது பைன் காய் என்று அறிந்த ஒரே தமிழன் நான். எல்லோருக்கும் முன்னம் மேசைக்கடியில் புகுந்தவனும் நானேதான் (உடம்புக்கு விஞ்ஞானம் விளங்காது).

மதாம் மட்டும் கோப்பையோடு நின்றார். "என்ன தேடுகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

செல்வம் அண்ணை கீழே கிடந்தபடியே, "கரண்டி, மதாம். சின்னக் கரண்டி" என்றார்.

அந்த மனுஷி கோப்பையை வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து எங்களோடு கரண்டி தேடத் தொடங்கினார்!

அன்ரிதான் முதலில் சிரித்தார். "ஐயோ, இஞ்சை வந்தும் விழுந்து படுக்கிறமே!" பிறகு கடையே சிரித்தது. சிலருக்குக் கண்ணீரும் வந்தது. அன்ரியின் மகள் மதாமுக்கு ஊரில் ஷெல்லடிக்கு விழுந்து படுத்த கதையைச் சொன்னாள். மதாம் எழும்பிப் போய்ப் போறணையை நிறுத்தி, தட்டை இழுத்தார். பாதி கரி. மீதி வாய் பிளந்து கிடந்தது. காட்டுத்தீச் சூட்டில் திறந்து விதை விடுகிற சாதியாம் அது.

"இவை முளைக்கும்," என்றார். என்னைப் பார்த்தார். "நீங்களும் கூடத்திலேயே இருங்கள்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் ஜூலை பதினாலு, பிரெஞ்சுத் தேசிய தின வாணவேடிக்கை தொடங்கினால் செல்வம் அண்ணை போன் எடுப்பார். "தம்பி, கரண்டி கிடைச்சதோ?"

போன வருஷம் அந்த விதைகளில் வளர்ந்த மரங்களை அளக்கப் போனோம். மதாம் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் ஆசைக்கு வந்திருந்தார். றோட்டில் ஏதோ லொறியின் ரயர் வெடித்தது. நான் சருகில் குப்புற விழுந்தேன்.

மதாமுக்கு முழங்கால் வலி. மெல்ல மெல்லக் குனிந்து, என் பக்கத்தில் அமர்ந்து, சருகைக் கையால் கிளறினார்.

"இங்கேயும் இல்லை," என்றார்.