யூனிக்ஸ் பெட்டிக்கு வண்டி அனுப்ப வேண்டாம்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
வியாழக்கிழமை.

வில்லியனூரில் பழைய இரும்புக் கடையைச் சீரும் சிறப்புமாக நடத்திவரும் அன்பு மைத்துனன் தமிழ்மாறனுக்கு, உன் அக்காள் கணவன் இராமதாஸ் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் சின்னப்பாப்பாவும் நலம். எனக்கு மட்டும் இடுப்பு பிடித்திருக்கிறது. அங்கு உன் வீட்டார், தராசு, வண்டி எல்லாம் நலம்தானே? வண்டி மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நலமில்லாமல் இருந்தால் தேவலை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் போனில் பேசுவதெல்லாம் உன் அக்காள் காதில் விழாமல் போகாது. அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். தட்டாஞ்சாவடியில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த தகர டப்பா கம்பெனியை மூடியபோது, அங்கே நான் தட்டிக்கொண்டிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரைச் சல்லிசாகக் கேட்டு வாங்கி வந்தேனே, அதைத் தீபாவளிக்குள் உன் கடைக்கு ஏற்றிவிட்டு அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைப்பது என்று நீயும் அக்காளும் முடிவெடுத்திருக்கிறீர்கள். அவள் குறையும் நியாயம்தான். "ஊர்ல எல்லார் கம்ப்யூட்டரும் ஜன்னல் ஜன்னலா தெறந்து படம் காட்டுது. இது மட்டும் பச்சை எழுத்தாவே காட்டிக்கினு கெடக்குது" என்றாள். ஜன்னல்தானே, நான் திறந்து காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அப்படி ஜன்னல் திறக்கிற மென்பொருள் ஒன்று இனாமாகவே கிடைக்கிறது. ஆனால் அது பெரிய கம்ப்யூட்டர்களுக்காக எழுதியது. பெரிய ஆளுக்குத் தைத்த சட்டையைப் பிரித்துக் குழந்தைக்குத் தைக்கிற மாதிரி, வரி வரியாகப் பிரித்து இந்தப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டும்.

எழுதினேன். இதன் நினைவகத்தில் இன்றைக்கு உனக்குப் போனில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூடத் தாராளமாக உட்காராது, அதனால் கலர், அலங்காரம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஓடவிட்டால், மூன்று நாள் அரைத்துக்கொண்டே இருந்தது, முடியப்போகிற நேரத்தில் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டதில் நானூற்றுப் பன்னிரண்டு பிழை, அதைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்தால் உன் அக்காள் அகலமான நல்ல காகிதம் என்று அலமாரிக்கு விரித்துவிட்டாள், துவரம்பருப்பு டப்பாவைத் தூக்கித் தூக்கித்தான் நான் பிழை திருத்தினேன். ஒருவழியாக ஜன்னல் திறந்தது. ஆனால் புள்ளிகள் எல்லாம் எட்டெட்டாக இடவலம் மாறி விழுந்திருந்தன. "கொசுவலை கிழிஞ்சாப்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் சரிசெய்தேன்.

அப்புறம் மவுஸ் நகரவில்லை. அந்தப் பகுதியை மூன்று தடவை புதிதாக எழுதினேன். பத்து நாள் போயிற்று. அம்பு நடுத்திரையில் நட்டுவைத்தது போல நின்றது. மாறா, உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தப் பெட்டி ஒன்றுதான் திரையில் சிமிட்டிக்கொண்டு, அடுத்து என்ன என்று எனக்காகக் காத்திருக்கிறது. நேற்று ஏதோ தோன்றி மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் உருளும் ரப்பர் பந்து முழுக்கக் காய்ந்த சந்தனம்! ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வழக்கமாகச் செய்வது போல நானேதான் பக்தியோடு அடியிலும் மறக்காமல் பொட்டு வைத்திருந்தேன்.

கழுவித் துடைத்து, சோதனைக்காகக் கண் புரோகிராமை ஓட்டினேன். ஜன்னலுக்குள் இரண்டு பெரிய கண்கள் வரும், மவுஸ் போகிற பக்கமெல்லாம் அவை திரும்பிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கார்குழலி வந்தாள். அவள் வாய்முகூர்த்தம் உனக்குத் தெரியும். நம் முருங்கையைப் பார்த்து "என்னாமா காய்ச்சிருக்குது" என்றாள், மறுநாள் கிளை முறிந்தது. நேற்று அவள் வாசலிலிருந்து சமையலறைக்குப் போக, நான் மவுஸை உருட்ட, கண்கள் அவளையே தொடர்ந்தன. திரும்பி வந்தாள், அவையும் திரும்பின. கேட்க வந்த உறைமோரைக்கூடக் கேட்காமல் போய்விட்டாள். உன் அக்காள் திரையை வெகுநேரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தமோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வராதே. டயர் பஞ்சர் என்று சொல். ஜன்னல் திறந்துவிட்டது மாறா, இதற்கு மேல் என்னென்னவோ செய்யலாம்.

உன் தராசு நேராக நிற்கவும், பிள்ளைகள் உன்னைவிட நன்றாகப் படிக்கவும் வாழ்த்தும்,

உன் மாமா
இராமதாஸ்

பி.கு.: நான் பசை தேடப் போன நேரத்தில் உன் அக்காள் இதைப் படித்துவிட்டாள். அவள் சொன்னது: "தம்பிய ஞாயித்துக்கெழம கண்டிப்பா வரச் சொல்லுங்க. பொட்டிய வாசலுக்கு நேரா நகத்தி வெக்க ஆள் வேணும். திருஷ்டிக்குப் பூசணிக்காய் எல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. அவன் கடையில இதுமாரி இன்னொண்ணு கெடந்தா ஏத்திக்கினு வரட்டும், கொல்லைப் பக்கமும் ஒரு ஜோடி கண்ணு இருக்கட்டும்." ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் வண்டியோடு வா. வேறு கம்பெனிப் பெட்டி என்றால் அத்தனையையும் முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டும். அதனால் வேறு கம்பெனியாகவே பார்த்துக் கொண்டுவா.