பெர்கன் ஆஸ்பத்திரியில் இருக்கும் அண்ணனுக்குச் செம்புச் சுருள் பற்றி

ஸ்தூர்லீ பண்ணை, வோஸ்
மே மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய தோர்கெல் அண்ணனுக்குத் தம்பி ஐவிந்த் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குன்வோரும் மகள் ரங்னியும் ஆடுகளும் நலம். அங்கே உங்கள் புது இடுப்பெலும்பும், அதைச் சுற்றியுள்ள நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஊன்றுகோல் இல்லாமலே நடைபாதையின் கோடிவரை போய் வந்தீர்கள் என்று நர்ஸம்மா போனில் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

ரங்னியின் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் கடையில் வாங்கிய பீரை வைத்தார்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இதுவரை வாயைத் திறந்ததில்லை. எப்போதும் காய்ச்சுகிற நீங்கள் படுத்துவிட்டதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது வீட்டு ஈஸ்ட் ஜாடியை என் கையில் கொடுத்து, பாதியை மட்டும் போடு, மால்ட் சாறு உடம்புச் சூட்டுக்கு வந்ததும் போடு, போடும்போது ஈஸ்ட் விழிக்கும்படி தொண்டை கிழியக் கத்து என்று சொன்னீர்கள். அண்ணா, இதில் ஒன்று கை தவறிப் போயிற்று, ஒன்று என்னால் முடியவில்லை, மிச்சம் ஒன்றில் விஞ்ஞானம் என் பக்கம். நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

கொதித்த சாற்றைப் பால் கேன்களில் ஊற்றி, ஓடையில் இறக்கி, அது ஆறும்வரை கரையில் உட்கார்ந்து நீங்கள் பைப் புகைப்பீர்கள். எனக்குக் கேன் தூக்க முதுகு இடம் கொடுக்காது, பைப்பும் பழக்கமில்லை. அதனால் ஒரு செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துக் கொதிக்கிற சாற்றுக்குள் இறக்கி, குழாய்க்குள் ஓடைத் தண்ணீரை ஓடவிட்டால் நிமிஷத்தில் ஆறிவிடும் என்று படித்து, குழாய் வாங்கிவந்தேன். வெறுமனே வளைத்தால் நசுங்கும், உள்ளே உப்பை நிரப்பி வளை என்று போட்டிருந்தார்கள். நிரப்பினேன். சுற்றுவதற்கு உருண்டையாக ஏதாவது வேண்டுமே என்று குன்வோரின் ஜாம் பானையை எடுத்து, அதன்மேல் அழகாக, நெருக்கமாக, ஒரு நெளிவு சுளிவு இல்லாமல் சுற்றி முடித்துவிட்டுப் பார்த்தால், பானையின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். சுருள் வெளியே வருவேனா என்றது. கடைசியில் இடுக்கு வழியாக ரம்பத்தை விட்டுக் கைப்பிடிகளை அறுத்தேன். அதற்குப் பிறகு குன்வோர் என்னிடம் இரண்டு நாள் வானிலை பற்றி மட்டும் பேசினாள். உள்ளே போன உப்பு ஈரத்தில் இறுகிக் கல்லாகிவிட, அதைக் கரைத்து வெளியேற்ற ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் விட்டேன். அந்தப் பக்கம் வந்த ஆடுகளெல்லாம் குழாய் வாயை நக்கிக்கொண்டு நின்றன. சோதனை ஓட்டத்தின்போது வெளிப்போக்கு ரப்பர் குழாயைக் கட்டிவைக்க மறந்துவிட்டேன். அது துள்ளி எழுந்து நாலு திசையும் பீச்சியது. ஐந்தாவது திசையில், பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா ஒஸ்லோவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். ரங்னி துண்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். "பரவாயில்லைங்க, எனக்கும் வெக்கையாத்தான் இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள், பல் கிட்டிக்க. நல்ல இடத்துச் சம்பந்தம்தான் அண்ணா.

காய்ச்சும் நாள் வந்தது. ஜூனிப்பர் செடித் தழை போட்ட தண்ணீரில் முளைகட்டிய பார்லி மால்ட்டை ஊறவைத்து வடித்து, மத்தியானம்வரை பெரிய அண்டாவில் கொதிக்கவிட்டு, சுருளை இறக்கி ஓடைத் தண்ணீரைத் திறந்தேன். மலையில் பனி உருகி வருகிற தண்ணீர்! ஒரு கோப்பை காபி குடித்து முடிப்பதற்குள் ஆவி அடங்கிவிட்டது. எனக்கு ஒரே குஷி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுக்கொண்டே இருந்தேன். குன்வோர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் உடம்புச் சூட்டுல போடச் சொன்னாரு. இது வெறைக்குதே?"

"அதெல்லாம் தெர்மாமீட்டர் இல்லாத காலத்துப் பேச்சு. புஸ்தகத்துல நல்லாக் குளிரவெச்சுப் போடுன்னுதான் இருக்கு."

"அந்தப் புஸ்தகம் எழுதுனவரு நம்ம வீட்டு ஈஸ்ட்டைக் கண்ணால பாத்திருக்காரா?"

அவள் சமையலறைக்குத் திரும்பியதும் சாற்றைப் பீப்பாய்க்கு மாற்றி, ஜாடியைத் திறந்தேன். பாதியைச் சாய்க்கப் போய் முழு ஜாடியும் பீப்பாய்க்குள் கவிழ்ந்துவிட்டது. அடுத்தது கத்த வேண்டும். நீங்கள் ஈஸ்ட் போட்டுவிட்டுக் கத்தினால் எதிர்க்கரையில் மாடு கன்றை உதைக்கும். நானோ முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வாயை அடைத்தவன். மூச்சை இழுத்து, கண்ணை மூடி, முழு பலத்தோடு கத்தினேன். "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குன்வோர் கேட்டாள்.

இரண்டு நாள் ஆயிற்று அண்ணா. நுரை இல்லை, குமிழி இல்லை, காதை வைத்துக் கேட்டால் என் காதுதான் இரைகிறது. நம் ஈஸ்ட் இந்நேரம் பீப்பாய்க்கு வெளியே வழிந்து தரையில் நடந்திருக்க வேண்டாமா? எல்லாம் நான் சரியாகக் கத்தாததால் வந்த வினை. மகள் கல்யாணத்துக்கு பீர் இல்லை என்பதைவிட, அப்பா காலத்திலிருந்து உயிரோடு வந்த ஈஸ்ட் என் கையால் போயிற்றே என்பதுதான் பெரிய துக்கம். பீப்பாய்ப் பக்கத்தில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

ஒரு வழி இருக்கிறது, கோபப்படாமல் கேளுங்கள். எதிர்க்கரைப் பண்ணை ஓட்வார் வீட்டு ஈஸ்ட் செத்துப்போனபோது நம் அப்பாதான் ஒரு ஜாடி கொடுத்தார். ஆகவே அவர் வீட்டில் இருப்பது நம் ஈஸ்ட்தான். சித்தப்பாவின் சாவுக்கு நீங்கள் காய்ச்சிய பீரை அந்தக் கல்லுளிமங்கன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போனதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் அவரோடு பேசுவதில்லை என்பதால், நானும் குடும்ப மரியாதைக்காகச் சந்தையில் அவரைக் கண்டால் ஷூ லேஸ் கட்டுகிறேன். ஆனால் ரங்னிக்காக அவர் வீட்டுக் கதவைத் தட்ட அனுமதி கொடுங்கள். 'கேள்' என்று ஒரு வரி போதும். சனியன் பிடித்த சுருளை நாளைக்கே பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுகிறேன்.

குன்வோர் நலம் விசாரிக்கச் சொன்னாள். ரங்னி முத்தங்கள் அனுப்புகிறாள். உங்கள் கால் கல்யாணத்தில் ஒரு சுற்றாவது ஆட வேண்டும் என்று மனதார விரும்பும்,

அன்புத் தம்பி,
ஐவிந்த்

பி.கு., வெள்ளிக்கிழமை காலை: செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் பூட்ஸ் சத்தம். ஓட்வாரேதான்.

"என்னடா ஐவிந்த், ரெண்டு நாளா பாக்குறேன், புகை வந்துச்சு, கத்துற சத்தம் வரல. தோர்கெலுக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு வந்தேன்" என்றார். நான் பீப்பாயைக் காட்டினேன். அவர் நேராகப் போய் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தார். "அடப்பாவி, இது சாகலடா. குளிருல சுருண்டு படுத்திருக்கு. ஊரே பேசுதே, எங்க உன்னோட சுருளு?" சுருளை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பீப்பாய்க்குள் இறக்கி, இந்தத் தடவை குழாய்க்குள் சுடுதண்ணீரை விட்டோம் அண்ணா! ஆறவைக்கத் தெரிந்த சுருளுக்குச் சூடாக்கவும் தெரிந்திருக்கிறது. உடம்புச் சூடு வந்ததும் ஓட்வார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கத்து கத்தினார். குன்வோர் தட்டைக் கீழே போட்டாள். மறுநாள் காலை மூடி பறந்து உத்தரத்தில் மோதியது. பொங்குகிறது அண்ணா, நுரையை வழித்து மூன்று ஜாடி ஈஸ்ட் எடுத்துவைத்துவிட்டேன். ஆகவே மேலே கேட்ட அனுமதி வேண்டாம். விஞ்ஞானம் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். சுருளை விற்கவும் முடியாது, ஓட்வார் தனக்கும் ஒன்று வளைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாமே. உங்கள் இடுப்பு பஸ்ஸில் வரக்கூடாது என்று ஓட்வார் ஆடு ஏற்றும் தன் வண்டியைக் கழுவி, பின்னால் மெத்தை போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறார். நான் கேட்கவில்லை, அவராகத்தான். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், சத்தம் போட்டுப் படித்துவிடாதீர்கள். இதை நீங்கள் படித்து முடிக்கும் இந்த நேரத்தில் அவர் உங்கள் கட்டிலுக்கு எதிரே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். நீங்களாகச் சொல்லாமல் உட்கார மாட்டார். சொல்லுங்கள் அண்ணா.