எத்தனை வாட்ஸ்?

"பயனர்: இக்கருவியை வீட்டுச் சமையலறையில் அன்றாடம் இயக்கும் நபர்." உத்தரவாத அட்டையில் இப்படி ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் தன் பெயரைத் தலைப்பெழுத்து விடாமல் கொட்டை எழுத்தில் நிரப்புகிற ஒரு ஜீவராசி உண்டு, வாசகரே. மிக்ஸி, ஜூசர், காய் நறுக்கும் மெஷின் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே பிறந்து, அவற்றின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கும் இனம் அது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்த வீட்டுக்குப் போனாலும், காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "உங்க மிக்ஸி எத்தனை வாட்ஸ்?" என்று கேட்கும். பதில் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். ஐந்நூறு என்றால், "பாவம், அது என்ன பண்ணும்!" என்று மிக்ஸிக்காக வருத்தப்படும். ஆயிரம் என்றால், "கரண்ட் பில் என்னாகும்?" என்று உங்களுக்காக வருத்தப்படும். எழுநூற்றைம்பது என்று நடுவில் புகுந்து தப்பிக்கப் பார்த்தால், "உள்ள காப்பர் வைண்டிங்தானா? கழட்டிப் பார்த்தீங்களா?" யார் கழற்றிப் பார்த்தார்கள்?

இவர்களைச் சமையலறையின் விரோதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அதன்மேல் அபார மரியாதை. மரியாதை அதிகம் என்பதால்தான் உள்ளே கால் வைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், காப்பீட்டு அலுவலக மேலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'வாட்ஸ் அண்ணன்' என்று பெயர். கேலி என்று தெரிந்தும் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டவர். அவருடைய மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "இன்னும் மூணு மாசம் இந்தக் கையால எதையும் அழுத்தக் கூடாது, முறுக்கக் கூடாது, கத்தியைத் தொடவே கூடாது. மீறினா மறுபடியும் கட்டுதான்" என்று சொல்லி அனுப்பினார். வீடு திரும்பும் வழியில் அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு பொருள்.

"என்னங்க, காய் நறுக்கற மெஷின் ஒண்ணு வாங்கிடுங்க. சின்னதாவே இருக்கட்டும். இடது கை ஒண்ணாலயே மூடித் திறந்து ஓட்ட முடியணும், அவ்வளவுதான்."

"கவலையை விடு" என்றார் கணவர். கவலை அன்றுதான் ஆரம்பித்தது.

முதல் வாரம் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் உருவானது. முப்பத்தொரு மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் வேகம், சத்தம், பிளேடின் உலோகம், ஜாரின் கொள்ளளவு என்று வரிசையாகக் கட்டங்கள். ஒயரின் நீளத்துக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. மூடிக்கு இல்லை. இரண்டாவது வாரம், யாரோ ஒரு புண்ணியவான் கோலிக்குண்டுகளைப் போட்டு அரைத்துக்காட்டும் வீடியோவை மூன்று முறை பார்த்தார். மூன்றாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் விமர்சன வாசிப்பு.

"கேளு, ஒருத்தர் எழுதியிருக்கார். ஏழு வருஷமா நிக்காம ஓடுதாம்."

"யாரு ஓட்டறாங்களாம்?" என்றார் மனைவி.

அதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்த அம்மாள் இடது கையில் கத்தி பிடித்து நறுக்கிக்கொண்டிருந்தார். கேரட் பலகையை விட்டு உருண்டு ஓடும். ஓடாமலிருக்க வலது முழங்கையால் அழுத்திக்கொள்வார். நம்மவர் தட்டை உற்றுப் பார்த்து, "துண்டெல்லாம் ஒண்ணுபோல இல்லையே. நாலு பிளேடு இருந்தா சீரா விழும்" என்று ஒரு தொழில்நுட்பக் கருத்தைச் சொன்னார்.

ஐந்தாவது வாரம் மனைவியின் தங்கை வந்தாள். அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் ரத்தம் கசிந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

"அத்தான், மெஷின் என்னாச்சு?"

"ரெண்டுக்கு வந்து நிக்குதும்மா. அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் அவதிப்படக் கூடாது பாரு."

"அவதியை அவசரப்படாமலே பட்டுட்டிருக்காங்களே! அக்காவைப் பார்த்து பத்தே நிமிஷத்துல சரின்னு சொன்னவர்தானே நீங்க?"

"அப்ப எனக்கு அனுபவம் போதாது."

"அக்காவுக்கும்தான் போதல."

ரோஷம் வந்து மறுநாளே கடைக்குக் கிளம்பிவிட்டார். "நானும் வரேன், ஓட்டிப் பார்த்துடறேன்" என்ற மனைவியை, "நீ வந்தா கலரைப் பார்த்து வாங்கிடுவே" என்று நிறுத்திவிட்டார்.

கடைப் பெண் கேட்டாள்: "வீட்ல என்னெல்லாம் நறுக்குவீங்க சார்?"

"எல்லாம்தான்."

"தினமும் யாரு யூஸ் பண்ணுவாங்க?"

"முதல்ல போட்டுக் காட்டும்மா."

காலி ஜாரோடு ஓடவிட்டாள். இவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கச்சேரியில் முதல் வரிசைக்காரரைப்போல் கேட்டார். சுருதி சேர்ந்திருந்தது.

"இதுல ஒரு சேஃப்டி இருக்கு சார். ஒரு கை மூடிமேல இருக்கற பட்டனை அழுத்திட்டே இருக்கணும், இன்னொரு கை சுவிட்சைத் திருப்பணும். ரெண்டு கையும் சேர்ந்தாதான் ஓடும்."

"இதைத்தாம்மா இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்!"

வீட்டில் அந்த அம்மாள் மெஷினையும் பார்த்தார், தன் வலது கையையும் பார்த்தார்.

"ரெண்டு கை வேணுமேங்க. என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு? திருப்பிக் கொடுத்துடலாமே."

"அஞ்சு வாரம் தேடினதைத் திருப்பறதா? நான் எதுக்கு இருக்கேன்? தினமும் காலைல ஒரு குரல் கொடு, வந்து அழுத்தறேன்."

சொல்லி முடித்ததும் தன் பெருந்தன்மையில் தானே நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சி ஆறுவதற்குள் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு விமர்சனமும் எழுதினார்: 'என் மனைவிக்கு இது வலது கை மாதிரி.' சொன்னபடி மூன்று நாள் வரவும் வந்தார். ஒரு கையில் செய்தித்தாள், மறு கையின் ஒற்றை விரல் பட்டன்மேல். காய் துண்டானது. கத்தி அலமாரிக்குள் போனது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'எங்க பெரியப்பா அப்படியே இவர்தான்' என்று விரல் வெளியே நீள்கிறது. நீளட்டும். உங்கள் வீட்டு மிக்ஸி எத்தனை வாட்ஸ் என்று உடனே சொல்வீர்கள், தெரியும். அதன் ஜார் மூடியிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பது தெரியுமா? வளையம் ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறதென்றால், பெரியப்பாவைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ் அண்ணன் நான்காம் நாள் காலை, மனைவி கேரட் கழுவும் சத்தம் கேட்டதும், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.