ஏழாம் நம்பர் குற்றம்

டெல்லியிலிருந்து வந்த தந்தியைக் கோமதிநாயகம் மூன்று முறை படித்தார். மார்ச் மாதம் ஒரே ஸ்டேஷனில் முப்பத்தொரு கொலைகள், உடனே விளக்கம் தேவை என்றிருந்தது.

திருவனந்தபுரத்தில் போலீஸ் குற்றக் கணக்குப் பிரிவுக்கு அவர் ஹெட் கிளார்க். 1979-இல் புதுப் பாரம் வந்திருந்தது. குற்றத்தை இனி எழுத்தில் எழுதக் கூடாது, நம்பரில் எழுத வேண்டும். டெல்லியில் கம்ப்யூட்டர் படிக்குமாம். கொலைக்கு ஒன்று, சில்லறைத் திருட்டுக்கு ஏழு. ஸ்டேஷன்கள் எழுதி அனுப்புவதைக் கோமதிநாயகம் நம்பராக்கி அனுப்புவார். குற்றமே நடக்கவில்லை என்று ஒரு ஸ்டேஷன் காலிப் பாரம் அனுப்பினால், எதையாவது நிரப்பச் சொல்லித் திரும்பி வந்துவிடும்.

"சாரே, உங்க ஏழு ஒண்ணு மாதிரியாக்கும் இருக்கு" என்றாள் டைப்பிஸ்ட் ரத்னாபாய், அனுப்பிய பாரத்தின் நகலைப் பார்த்து.

கோமதிநாயகம் உடனே பொன்முடி மலைப் பாதையில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு டிரங்க்கால் போட்டார்.

"எனக்க ஸ்டேஷன்ல கொலையா?" என்றார் எஸ்.ஐ. சுவாமிதாஸ். "நான் எழுதினது கோழித் திருட்டு சார். எஸ்டேட் லைன் வீடுகள்ல நாளுக்கு ஒண்ணா முப்பத்தொரு கோழி."

"பதறாதீரும். நான் சரி பண்ணுதேன்."

கணக்கை ரத்து செய்வதாக நினைத்து, 'முடிந்தது' என்ற கட்டத்தில் முப்பத்தொன்றைப் போட்டு அனுப்பினார். பத்தே நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது. அத்தனை கொலைகளையும் துப்புத் துலக்கிய அதிகாரியைப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பதக்கம் தந்தா வாங்கிக்கிடலாமா சார்?" என்று போனில் மெதுவாகக் கேட்டார் சுவாமிதாஸ்.

"எதுக்குவே, கோழிக்கா?"

அன்றே, 'அங்கே யாரும் சாகவில்லை' என்று கடிதம் எழுதினார் கோமதிநாயகம். 'முடிந்தது' என்றால் முப்பத்தொரு பேர் கைதாகியிருக்க வேண்டுமே, அவர்கள் எல்லாரும் நிரபராதிகளா என்று டெல்லி கேட்டது. விசாரணைக்கு ஆள் வருகிறது, எஸ்.ஐ.யின் வேலை போனாலும் போகலாம் என்றது.

தன் கையெழுத்தால் ஒரு மனுஷன் குடும்பத்தோடு தெருவுக்கு வருவதா? விசாரணைக்கு வருகிறவரைத் தானே போய் அழைத்து வரக் கிளம்பினார் கோமதிநாயகம்.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி திரவியம் திருநெல்வேலிக்காரர். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியவரை ஜீப்பில் ஏற்றி, நெடுமங்காடு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் கோமதிநாயகம். "தப்பு முழுக்க என்னோடது சார். அந்த எஸ்.ஐ. பாவம், உள்ளதைத்தான் எழுதினாரு."

திரவியம் ஜீப் குலுங்கச் சிரித்தார். "இவ்வளவுதானா? கோழி களவு போன வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஃபைலை மூடிருதேன்."

கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. ஸ்டேஷன் வாசலில் சல்யூட் அடித்து நின்ற சுவாமிதாஸுக்குத்தான் முகம் தெளியவில்லை.

"கோழிக்காக அவ்வளவு தூரம் எதுக்கு சார்? மேல ரோடு மோசம். சாயா குடிச்சிட்டு இப்படியே திரும்பலாம்."

"வந்தது வந்தாச்சு. ஏறும்வே."

எஸ்டேட் லைனில் ஆவுடைத்தாய் என்ற தொழிலாளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரவியம் நோட்டைத் திறந்தார்.

"ஏம்மா, மார்ச் மாசம் இங்க எத்தனை கோழி களவு போச்சு?"

அவள் எஸ்.ஐ.யை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"கோழியா? இந்த லைன்ல கோழி வளக்க எஸ்டேட்டுல விடமாட்டாவளே, அய்யா."