அந்த வீட்டு ஆக்கள்

"அந்த வீட்டில ஆக்கள் இருக்கினமோ எண்டு கேக்கிறான், வதனா. இருந்தா இண்டைக்கே எழும்பி ஓடச் சொல்லட்டாம்!"

சிறிதரன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வீடு பரிசோதிப்பவர் வேலைத்தலத்துக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னதை, வாசலில் நின்றபடியே ஒப்புவித்தான். சீலிங்குக்கு மேலே ஓடுகிற வயர்களில் ரப்பர் உதிர்ந்து, செம்புக் கம்பி வெறுமையாகக் கிடக்கிறதாம். முன்னறை காஸ் ஹீட்டரின் புகைபோக்கிக்குள் குருவி கூடு கட்டி அடைத்துவிட்டதாம். பற்றவைத்தால் நச்சுப் புகை வெளியே போகாதாம்.

"ஐயோ, ஹார்ட்டிகன் கிழவி பாவம்," என்றாள் சந்திரவதனா. "மனிசி தனிய இருக்குது."

"மனிசியை விடும். எங்கட வீடெல்லோ போச்சு!"

இன்னும் வாங்காத அந்த வீட்டை அவர்கள் ஒரு மாதமாக 'எங்கட வீடு' என்றுதான் சொல்லி வந்தார்கள். மெல்பேணின் புறநகரான டண்டினொங்கில், அவர்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, திருமதி ஹார்ட்டிகன் விற்கப் போட்டிருந்த இன்னொரு பலகை வீடு. ஒரே ஆள் கட்டியது போல இரண்டும் ஒரே அமைப்பு. ஆனால் அந்த வீட்டுக் குசினிக்கு வடக்குப் பக்கம் ஒரு யன்னல் இருந்தது. அவுஸ்திரேலியாவில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்வதால், குளிர்காலத்திலும் அதால் வெயில் விழுந்தது. சந்திரவதனா அந்த வெயிலுக்குள் ஒரு கதிரையை மனதால் போட்டு, அதில் தன்னையும் இருத்திவிட்டிருந்தாள்.

அந்தக் கதிரையில் இருந்தால் தனக்குச் சுகம் வரும் என்று அவள் நம்பினாள். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு எதுவும் சரியாக இல்லை. பின்னேரமானால் தலையிடி. நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. ஒரு பக்கம் வாசித்தால் மறு பக்கத்தில் மறந்துபோகும். அவள் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பாளராக இருந்தாள். வேலைக்குப் போனால் எல்லாம் மாறிவிடும், வீட்டுக்கு வந்தால் திரும்ப வரும். பல் வைத்தியரின் இடத்தில் நிம்மதியும் சொந்த வீட்டில் மூச்சுமுட்டலும் உள்ள பெண் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அப்படியானால் காரணம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தது சிறிதரன்.

அவன் கெட்டவன் அல்ல. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஹீட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு, புதிதாக வாங்கிய கலர் டிவியைப் பார்த்தபடி, செய்தி முடிவதற்குள் வாயைத் திறந்துகொண்டு உறங்கிவிடுவான். கொழும்பில் கடற்கரையில் விடிய விடியக் கதைத்த அதே மனிதன்தான். அவள் ஏதாவது கேட்டால் "ம்" என்பான். மின்விளக்கு ஒரு முறை மங்கி, பிறகு பிரகாசிக்கும். 'இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதாவது இவருக்குத் தெரியுமா?' என்று அந்த வெளிச்சத்தில் அவள் யோசிப்பாள்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பரிசோதிப்பே வேண்டாம் எண்டு சொன்னனான்," என்றாள் இப்போது. "ஆருக்கும் தெரியாமல் வாங்கியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திருக்காது. கண்ணூறுதான்."

"நான் ஆரிட்டச் சொன்னனான்?"

"கணேசலிங்கம் அண்ணையிட்ட."

"ஐயோ, அவரிட்ட வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையப்பா! பரிசோதிக்கிற ஆள் ஒருத்தனைப் பிடிச்சுத் தாங்கோ, ஒரு வீடு பாக்க வேணும் எண்டு மட்டும்தான் கேட்டனான். அவர் போன வருசம் வீடு வாங்கினவர், அவருக்குத்தான் ஆள் தெரியும். எந்த வீடு எண்டு கேட்டார். முடியட்டும் அண்ணை, பிறகு சொல்லுறன் எண்டு சிரிச்சுப்போட்டு வந்திட்டன்."

"பிறகு?"

சிறிதரன் கோட்டைக் கழற்றத் தொடங்கினான். "பிறகு அவரே போன் எடுத்தவர். 'தம்பி, நீ ஒளிச்சாலும் எனக்குத் தெரியும், ஆளுக்கு நானே அட்ரஸைக் குடுத்திட்டன்' எண்டார்."

சந்திரவதனா நெற்றியில் கை வைத்தாள். "அவருக்கே தெரிஞ்சிட்டுதெண்டா முழு மெல்பேணுக்கும் தெரியும். பாத்தீங்களே, குருவிகூட வந்து கூடு கட்டிப்போட்டுது."

குளிராக இருந்தது. அவள் ஹீட்டரைப் பற்றவைத்தாள்.

மறுநாள் சிறிதரன் வீடு விற்கும் ஏஜெண்டிடம் போய், ஹீட்டரை மாற்றி, வயரெல்லாம் புதிதாகப் போட்டுத் தந்தால்தான் கையெழுத்து என்று சொன்னான். ஏஜெண்ட் அதைத் திருமதி ஹார்ட்டிகனிடம் சொன்னார். திருமதி ஹார்ட்டிகன் ஏஜெண்டிடம் சொன்னதை அவர் முழுதாகத் திருப்பிச் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில்தான் மகன் புது ஹீட்டர் பூட்டினானாம், அவன் மின்சார வேலைக்காரனாம் என்ற பகுதியை மட்டும் சொன்னார்.

"வெளியால புதுசு, உள்ளுக்குப் பழசு," என்றான் சிறிதரன். "இவையும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். மனிசி இன்னொண்டும் சொல்லுது, கேளும். ஒருத்தரும் வந்து தன்ர சீலிங்குக்குள்ள ஏறேல்லையாம்!"

"பச்சைப் பொய்!"

"வியாழக்கிழமை பிங்கோ விளையாடப் போற மனிசி. அந்த நேரம் அவன் வந்து பாத்திருப்பான்."

வியாழக்கிழமை என்றதும் சந்திரவதனாவுக்கு வேறொன்று நினைவு வந்தது. போன வியாழன் அவள் வேலையால் வந்தபோது, படுக்கை விரிப்பில் சீலிங்கிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் கிடந்தது. கூரைக்குள் குடியிருந்து இரவெல்லாம் ஓடித்திரியும் போசம் என்கிற பிராணியின் வேலை என்று விரிப்பை உதறிப் போட்டிருந்தாள். வாசல் பூச்சாடியும் இடம் மாறியிருந்தது. வாசல் கதவின் திறப்பை அதற்கடியில் வைக்கிற சிறிதரனோடு அன்றைக்கு அதற்கும் ஒரு சண்டை பிடித்தாள். இப்போது அதைக் கிளற விருப்பமில்லை.

பரிசோதிப்பவரின் பெயர் மிஸ்டர் பார்னி. நல்ல மனிதர் போலிருக்கிறது. அவருடைய வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சிறிதரன் வேலை செய்த தொழிற்சாலைக்கு விடாமல் போன் எடுத்தார்.

"அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

மெஷின்களின் இரைச்சலுக்கு மேலால் சிறிதரன் கத்தினான். "சொல்லியாச்சு! நம்ப மாட்டினமாம்!"

"பிள்ளைகள் யாராவது?"

"இல்லை! ஒரு கிழவி மட்டும்தான்!"

"நினைத்தால் எனக்கு நித்திரை வருகிறதில்லை," என்றார் மிஸ்டர் பார்னி.

இதைச் சிறிதரன் வந்து சொன்னபோது சந்திரவதனாவுக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதன் கிழவிக்காக உறங்காமல் இருக்கிறான். தானோ அந்த வெயிலையும் கதிரையையும் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது இப்படி ஆனேன்? ஒரு வீட்டுக்காக ஒரு உயிரை மறக்கிற அளவுக்கு இந்த நாடு என்னை மாற்றிவிட்டதா? அன்றிரவு தலையிடி இன்னும் கூடியது. குற்ற உணர்ச்சி என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை உளுந்து வடை சுட்டு, ஒரு டின்னில் அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் தனியே திருமதி ஹார்ட்டிகனின் வீட்டுக்குப் போனாள். ஏஜெண்ட் வேண்டாம், ஆண்கள் வேண்டாம். ஒரு பெண்ணுக்கு ஒரு பெண் சொன்னால் விளங்கும் என்பது அவள் எண்ணம்.

கிழவி வடையை ஐயத்துடன் வாங்கினாள். முன்னறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கிழவியின் பூனை நீட்டி நிமிர்ந்து, அசையாமல் கிடந்தது.

சந்திரவதனா அந்தப் பூனையைப் பார்த்தாள். பிறகு என்ன நடந்தது என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை. பாய்ந்து போய் ஹீட்டரை நிறுத்தினாள். யன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். பூனையைத் தூக்கி வாசலுக்கு வெளியே காற்றில் பிடித்தாள். அது கண் விழித்து, அவளுடைய கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது.

"என்ன செய்கிறாய் பெண்ணே?" என்றாள் கிழவி.

"நீங்கள் இங்கே இருக்கக் கூடாது. செத்துப் போவீர்கள்!"

மிரட்டல் போலக் கேட்கும் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை திருமதி ஹார்ட்டிகனுக்குத் தடிமன் பிடித்தது. செவ்வாய்க்கிழமை வீட்டு முற்றத்திலிருந்த விற்பனைப் பலகை காணாமல் போனது. அன்று மாலை கிழவியின் மகன் சிறிதரனுக்குப் போன் எடுத்து, தன் தாயைப் பயமுறுத்தி வீட்டைப் பறிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். வேறு சில சொற்களும் சொன்னான். தொழிற்சாலையில் பழகியதால் சிறிதரனுக்கு அவை எல்லாம் விளங்கின.

"உம்மை ஆர் போகச் சொன்னது?"

"மனிசியைச் சாக விடச் சொல்லுறீங்களோ?"

"பூனையை ஏனப்பா தூக்கினனீர்?"

சந்திரவதனாவுக்கு அழுகை வந்தது. வீடு போனதற்கா, தன் மேல் வந்த கோபத்துக்கா என்று பிரிக்க முடியவில்லை. விளக்கு மங்கியது. அவள் அழுவதைக் கண்டு சிறிதரன் எழுந்து வந்து பக்கத்தில் இருந்தான். கன நாளைக்குப் பிறகு அவளுடைய கையைப் பிடித்தான்.

"அழாதையும். அந்த யன்னலுக்காகத்தானே நீர் உயிரை விடுறீர், எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதையும். நான் ஒழுங்கு பண்ணுறன். மிஸ்டர் பார்னியை நேர வரச் சொல்லுவம். கிழவிக்கும் மகனுக்கும் முன்னால சீலிங்கைத் திறந்து காட்டட்டும். அதுக்குப் பிறகு அவை எங்களிட்ட மன்னிப்புக் கேக்க வேணும். வீட்டையும் தருவினம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கண் சொருகியது. சந்திரவதனா கையை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று முடிவாகியது. மகன் முறைத்துக்கொண்டு சம்மதித்தான். மிஸ்டர் பார்னியிடம், "நீங்கள் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள், நான் அங்கே நிற்பேன்" என்று சிறிதரன் சொன்னான். "அந்தக் கிழவி இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?" என்று அவர் அதிர்ந்துபோய்க் கேட்டாராம்.

"நீரும் வாரும்," என்றான் சிறிதரன், டை கட்டிக்கொண்டே.

"நான் வரேல்லை. அந்த மனிசியின்ர முகத்தைப் பாக்க ஏலாது. பூனையின்ர முகத்தையும்."

"அப்ப போட்டு வாறன். வரேக்க வீட்டோட வாறன், பாரும்."

அவன் போன பிறகு சந்திரவதனா யன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். ஹீட்டரைக் கூட்டிவிட்டு, அவனுடைய கதிரையிலேயே சாய்ந்துகொண்டாள். இரண்டு தெருவுக்கு அப்பால் தன்னுடைய வாழ்க்கை தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். நெஞ்சு படபடத்தது. வீடு கிடைத்தாலும் இந்த ஆளோடுதானே அங்கேயும் போக வேண்டும்? உள்ளே இருக்கிற வெறுமையை எந்த யன்னலால் நிரப்புவது? எழுந்து ஒரு காகிதத்தில் இதை எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கால் எழும்பவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் பூச்சாடி நகரும் சத்தம் கேட்டது. திறப்பு திரும்பியது.

கையில் டோர்ச்சுடன் ஒரு பருத்த வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். அறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாய்ந்து போய் ஹீட்டரை நிறுத்தினார். யன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். அவளைத் தோளில் பிடித்துத் தூக்கி, வாசலுக்கு வெளியே காற்றில் நிறுத்தினார்.

சந்திரவதனாவுக்கு அந்தப் பூனையின் ஞாபகம் வந்தது. பிறாண்ட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் காற்று நன்றாக இருந்தது. இரண்டு மூச்சு இழுத்தாள். தலைக்குள் ஏதோ கழன்று விழுந்தது போல லேசாகியது.

"ஆர் நீங்கள்?" என்று தமிழில் கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பார்னி, வீடு பரிசோதிக்கிறவன். இந்த விலாசத்தையும் பூச்சாடியையும் சொன்னது மிஸ்டர் கணேசலிங்கம். போன தடவை வந்தபோது இங்கே ஒருவரும் இருக்கவில்லை." அவர் தொப்பியைக் கழற்றி, அவளை மேலும் கீழுமாக இரக்கத்தோடு பார்த்தார். "இந்த வீட்டை வாங்கப் போகிறவர் இங்கே ஒரு கிழவி மட்டும்தான் என்று சொன்னார். நீங்கள் இந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாதா?"