ஞானசௌந்தரியின் வெள்ளைச் சேலை

‘எந்த அம்மாள்?’ என்று எழுதியிருந்தது நோட்டுப் புத்தகத்தில்.

ஜேசுதாசன் அதை மூன்று தடவை வாசித்தார். அதற்கு மேலே திருநெல்வேலி டவுன் சிவசண்முகம் வாத்தியார் முத்து முத்தாக எழுதியிருந்தார்: ‘குடையுடன் நிற்கும் அம்மாள் படத்தின் நட்ட நடுவில் நிற்கிறார்கள். சற்று ஓரமாக நிறுத்தினால் பார்வைக்கு இதம்.’ அதன் கீழே நாங்குநேரி அம்மையப்பன்: ‘எந்த அம்மாள்? எனக்குத் தெரிவது ஒரு குடை.’ எல்லாவற்றுக்கும் கீழே, பட வட்டத்துத் தலைவர் கல்லிடைக்குறிச்சி நமச்சிவாயம் பிள்ளை, சிவப்பு மையில்: ‘குடையும் இல்லை. பொழுது அடைந்தபின் படம் எடுக்க வேண்டாம்.’

எடுத்தது காலை பத்து மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்த நேரம்.

“என்ன எழுதியிருக்காக?” என்று உள்ளேயிருந்து ஞானசௌந்தரி கேட்டாள்.

“குடை தெரியுதாம்.”

“அப்ப நான் யாரு, குடைக்கம்பியா?”

ஜேசுதாசனுக்கு அலுப்பாக இருந்தது. பாளையங்கோட்டைக் கச்சேரியில் நகல் குமாஸ்தா அவர். பகலெல்லாம் அடுத்தவர் எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் திரும்ப எழுதுகிற பிழைப்பு. பதினேழு வருஷத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை, எழுதினால் வேலை போய்விடும். சொந்தமாக அவர் செய்கிற ஒரே காரியம் படம் பிடிப்பதுதான். டில்லியில் முடிசூட்டு விழா நடந்த வருஷம், ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய காமிராப் பெட்டியை வாங்கினார். அன்றிலிருந்துதான் மனுஷன் சனிக்கிழமைகளில் சிரிக்க ஆரம்பித்தார்.

படம் பிடிக்கும் பித்துப் பிடித்த நான்கு பேர் சேர்ந்தது தாமிரவருணிப் பட வட்டம். மாதம் ஒருமுறை ஜேசுதாசன் தம் படம் ஒன்றைக் கனத்த உறையில் வைத்து நோட்டுப் புத்தகத்தோடு தபாலில் சேர்ப்பார். அது டவுனுக்குப் போய், நாங்குநேரிக்குப் போய், கல்லிடைக்குறிச்சியில் போய் நிற்கும். போகிற வழியில் ஒவ்வொருவரும் தம் படத்தைச் சேர்ப்பார்கள், மற்றவர் படத்தைக் குறை சொல்லி எழுதுவார்கள். படங்களைப் பிள்ளை பெட்டியில் பூட்டிக்கொள்வார். நோட்டு மட்டும் திரும்பி வரும். படம் நன்றாக இருந்தால் பிள்ளை சிவப்பு மையில் ‘நன்று’ என்று ஒரு வார்த்தை போடுவார். தொடர்ந்து மூன்று மாதம் ‘நன்று’ வாங்காதவருக்கு வட்டத்தில் இடமில்லை.

போன வருஷம் ஜேசுதாசன் நான்கு ‘நன்று’ வாங்கியவர். அந்தப் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வேத வசனம் மாதிரி எடுத்து வாசிப்பார்.

“வெளிச்சம் பத்தலை. அதான் விசயம்,” என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். “அடுத்த படத்துக்கு நீ வெள்ளைச் சேலை உடுத்து. உச்சி வெயில்ல எடுப்போம். ஓரமா நில்லு.”

“உச்சி வெயில்லயா? எனக்குத் தலைவலி வரும்.”

“ஒரு நிமிசந்தாம்மா.”

“போன தடவையும் ஒரு நிமிசம்னுதான் சொன்னீங்க. முக்கா மணி நேரம் நின்னேன்.”

சேலை கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. சலவைக்காரர் பிச்சைக்கண்ணு துணி எடுக்க வந்தபோது ஜேசுதாசனே எழுந்து போனார்.

“பிச்சைக்கண்ணு, இந்தச் சேலை பால் மாதிரி வெளுக்கணும். கொஞ்சங்கூடப் பழுப்பு தெரியக் கூடாது.”

“கவலையே படாதீங்க, அய்யா. உங்க சட்டைக் கையில மைக்கறை போன தடத்தைப் பாத்தீங்கள்லா?”

அது வாஸ்தவம். நகல் குமாஸ்தா சட்டைக் கையில் மை இல்லாமல் இருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆனால் இரண்டு மாதமாக ஜேசுதாசன் சட்டை மட்டும் புதுச் சட்டையாகத் திரும்பி வந்தது. கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவே, “எந்தத் துறையிலவே துவைக்கச் சொல்லுதீரு?” என்று கேட்டுவிட்டார்.

படம் பிடித்த கண்ணாடித் தகட்டைக் கழுவித் தருவது டவுனில் ஒரு படக்கடை. தாளில் அச்செடுப்பது மட்டும் ஜேசுதாசன் வீட்டில். தகட்டின் அடியில் மருந்துத் தாளை வைத்து வெயிலில் காட்டினால் தாள் கறுத்துக் கறுத்து உருவம் தெளியும். உடனே எடுத்து, உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும். சாப்பாட்டு உப்பு அல்ல. கற்கண்டு மாதிரிக் கட்டி கட்டியாகப் படக்கடையில் கிடைப்பது. கறுப்பை அந்த மட்டில் நிறுத்துவது அதுதான்; இல்லையென்றால் வெளிச்சம் படப்படத் தாள் கறுத்துக்கொண்டே போகும். அந்தத் தகர டப்பா, அழுக்குத் துணி மூட்டைக்கு மேலே உள்ள அலமாரியில் இருந்தது.

முன்பெல்லாம் அந்தத் தண்ணீரில் போட்டதும் படம் சற்று வெளிறும். இப்போது வெளிறவே இல்லை. போட்டது போட்டபடி இருந்தது. கை தேறிவிட்டது என்று ஜேசுதாசன் உள்ளூர மகிழ்ந்தார். தாள் விலை அதிகம் என்பதால் ஒரே ஒரு படம் எடுத்து, இரவு காயவைத்து, காலையில் தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரம் கழித்து நோட்டு வந்தது.

சிவசண்முகம்: ‘வெள்ளைச் சேலையில் அம்மாள் நிற்கும் இடம் சரி. ஆனால் மறு ஓரம் காலியாக இருக்கிறது. ஒரு மாடு இருந்தால் பாரம் சமப்படும்.’

அம்மையப்பன்: ‘வெள்ளைச் சேலையாம்! துக்க வீட்டுக்குப் போகிற சேலை அல்லவா இது?’

பிள்ளை: ‘கிரகணத்தன்று எடுத்த படமோ?’

ஜேசுதாசன் நோட்டை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஒரே படத்தை மூன்று பேர் பார்க்கிறார்கள். ஒருத்தருக்கு வெள்ளை, ஒருத்தருக்குக் கறுப்பு, ஒருத்தருக்குக் கிரகணம். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு நக்கல் பண்ணுகிறார்களா? இல்லை, அவருக்குத்தான் கண் போய்விட்டதா?

“விட்டுருங்களேன்,” என்றாள் ஞானசௌந்தரி, கொஞ்சம் இரக்கத்தோடு. “எதுக்கு இப்படி வதைபடுதீங்க?”

“இதையும் விட்டா நான் வெறும் நகல் எடுக்கிறவன்தானே, ஞானம்?”

அவள் போய்ச் சேலையை எடுத்து அழுக்குத் துணி மூட்டையில் போட்டாள்.

இந்த முறை ஜேசுதாசன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சேலை இன்னும் வெளுக்க வேண்டும் என்றார். ஜாக்கெட்டையும் வெளுக்கச் சொன்னார். பின்னால் தொங்கவிட இரண்டு போர்வை, நான்கு வேட்டி, மேசை விரிப்பு, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தார்.

“அம்புட்டும் பால் வெள்ளையாவா?” என்று பிச்சைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

“அம்புட்டும்.”

“சரி, பாக்கேன். சரக்கு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.”

“ஆகட்டும்.”

பின்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பால்காரர் வீட்டு வெள்ளைப் பசுவைக் கேட்டுக் கூட்டி வந்தார். கடைசியில் மனைவி முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன?” என்றாள் அவள், சந்தேகமாக.

“கொஞ்சம் அரிசி மாவு...”

“ஆண்டவரே!”

ஆனாலும் பூசிக்கொண்டாள். உச்சி வெயில். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டிகள், வெள்ளைச் சேலை, வெள்ளை முகம், மறு ஓரத்தில் வெள்ளை மாடு. ஜேசுதாசனுக்கே கண் கூசியது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, “அசையாதே, அசையாதே!” என்றார்.

ஞானசௌந்தரி அசையவில்லை. மாடுதான் அசைந்தது. அரிசி மாவு வாசனை பிடித்து இரண்டு எட்டு வைத்து வந்து, அவள் கன்னத்தை அடியிலிருந்து நெற்றி வரை ஒரே இழுப்பாக நக்கியது.

“ஐயோ, ஏங்க!”

“அசையாதேன்னேன்லா!”

மறுபடி மாவு பூசி, மாட்டை இறுக்கிக் கட்டி, இரண்டாவது தகட்டில் படம் விழுந்தது. ஜேசுதாசன் அச்செடுத்துப் பார்த்தார். அத்தனை அழகு. வெயிலில் வெள்ளை வெளேரென்று ஞானசௌந்தரி, கோபத்தோடு. அவளும் எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே,” என்றாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. உப்பு டப்பாவில் மிச்சம் கிடந்ததையெல்லாம் போட்டுக் கரைத்து, படத்தை இரண்டு மடங்கு நேரம் ஊற வைத்து அனுப்பினார்.

இந்த முறை நோட்டு தபாலில் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நமச்சிவாயம் பிள்ளையே ரயிலேறி வந்துவிட்டார், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மோரைக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். ஒருத்தரை வெளியேற்றுவதென்றால் கடிதத்தில் எழுத மனசு வராது.

“வேய், ஜேசுதாசன்,” என்று கடைசியில் தொடங்கினார். “ஒமக்கு எங்க மேல ஏதும் கோவமா?”

“எனக்கென்ன கோவம், அண்ணாச்சி?”

“பின்ன இது என்னவே?”

உறையைப் பிரித்து மூன்று தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் அடுப்புக்கரி நிறம். முதலாவதில் மட்டும் உற்றுப் பார்த்தால் ஒரு கொக்கி மாதிரி ஏதோ தெரிந்தது.

“இது குடை. இது சேலை. இது மாடு. எது எதுன்னு பின்னால எழுதி வச்சிருக்கேன், இல்லைன்னா எனக்கே தெரியாது.”

“இது நான் அனுப்பின படமே இல்ல, அண்ணாச்சி!”

“பின்னால ஒம்ம கையெழுத்து இருக்குவே.”

இருந்தது. நகல் குமாஸ்தாவின் கையெழுத்தை யாரும் தப்பாகச் சொல்ல முடியாது.

ஞானசௌந்தரி வந்து மூன்றாவது தாளைக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “இதுக்கா மாட்டுக்கிட்ட நக்கு வாங்கினேன்?” என்று மெல்லக் கேட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட ஜேசுதாசனுக்கு இத்தனை வலித்திருக்காது.

“சட்டம்னா சட்டம்,” என்றார் பிள்ளை வருத்தத்தோடு. “மூணு மாசம் ஆச்சு. விலகிக்கிடுதேன்னு நீரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுரும். அதுதான் மரியாதை.”

நோட்டு விரிந்து கிடந்தது. ஜேசுதாசன் பேனாவை மையில் தோய்த்தார். பதினேழு வருஷத்தில் சொந்தமாக எழுதப் போகிற முதல் வரி இப்படியா வாய்க்க வேண்டும் என்று நினைத்தபடி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு மை சட்டைக் கையில் விழுந்து பரவியது.

அந்த நேரம் பார்த்துப் பிச்சைக்கண்ணு பின்வாசல் வழியாக மூட்டையோடு வந்தார். மேலாக இருந்த சேலையை உதறி ஞானசௌந்தரியிடம் நீட்டினார்.

“அடேயப்பா!” என்று பிள்ளை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். “என்ன வெளுப்புவே இது! இது மாதிரி நான் கண்டதே இல்ல.”

பிச்சைக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிற மனுஷர். ஜேசுதாசன் சட்டைக் கை மையைப் பார்த்தபடி பைய நெருங்கி வந்தார்.

“இந்தக் கறையைப் போக்கணும்னா நீங்கதான் புது டப்பா வாங்கணும், அய்யா. அலமாரியில இருந்த ஒங்க கற்கண்டு உப்பு சுத்தமாத் தீந்துட்டு. நானும் ஏமாத்தக் கூடாதேன்னு நாலு மாசமா, எடுக்க எடுக்க எங்க சலவைச் சோடாக் கட்டியைக் கொட்டி டப்பாவை நிரப்பிக்கிட்டுதான் வாரேன்.”